யாரும் பார்க்காத இடம்

"அண்ணே, இத்தக் கழட்டிட்டு பொட்டிய சொருகிடட்டா?"

ஐஸ் பெட்டி கொண்டுவந்தவர் கேட்டுக்கொண்டே குனிந்து சுவரோரத்து பிளக்கைப் பிடித்துவிட்டார். தானியேல் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பற்றினான். பற்றிய பிறகுதான் எவ்வளவு இறுக்கிவிட்டோம் என்று தெரிந்து கையை விட்டான்.

"வேணாங்க. அது இருக்கட்டும்."

"ரூம்ல வேற பாயிண்ட் இல்லியே."

"சமையல்கட்டுலருந்து இழுத்துத் தர்றேன். அதத் தொடாதீங்க."

ஆம்பூரில் அந்தச் சந்துக்கு ஓர் ஆட்டோ நுழையும் அகலம்கூட இல்லை. ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. அங்கிருந்து ஹெலனைத் தூக்கிவரும் காலடிச் சத்தம் கேட்டது. நேற்றுக் காலை வேலூர் ஆஸ்பத்திரிக்கு, வழக்கமான பரிசோதனைக்கு, தன் காலால் நடந்து போனவள். சிறு வயதிலிருந்தே இதய வால்வில் கோளாறு. மாத்திரையும் மூச்சிரைப்பும் அவளோடு கூடவே வளர்ந்தவை. அங்கேயே மூச்சுத்திணறி, உள்ளே சேர்த்து, இன்று விடியும் முன் எல்லாம் நின்றுவிட்டது.

பெட்டி வைப்பதற்காக முன்னறை நாற்காலிகளை வெளியே எடுத்துப் போட்டாயிற்று. மூலையிலிருந்த கம்ப்யூட்டர் மேசை மட்டும் நகரவில்லை. திரையில் ஒரு படம் மேலிருந்து கீழாக, வரிவரியாக வந்துகொண்டிருந்தது. மூன்றில் ஒரு பங்கு முடிந்திருந்தது. தானியேல் வேலை செய்யும் தோல் ஷாப்பில், பதனிடும் டிரம்மிலிருந்து இறக்கும் ஈரத்தோலின் வெளிர் நீலம். அதன் கீழே வெறும் சாம்பல்.

ஹெலனின் அக்கா அமிர்தவள்ளி உள்ளே வந்தாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"இன்னா தம்பி இது? என் தங்கச்சியக் கொண்டாந்து கெடத்தறோம், இங்க டிவி மாதிரி மினுக்கிக்கினு கெடக்குது. நிறுத்துங்க. அந்த டேபிள் மேல அவ போட்டோ வெக்கணும்."

"அது அவளுதுக்கா. வரைஞ்சிக்கினு இருக்குது."

"யாரு?"

அதற்குள் தெருமுனைக் காலடிகள் வாசலுக்கு வந்துவிட்டன.

ஹெலனைப் பெட்டியில் கிடத்தினார்கள். சமையல்கட்டிலிருந்து இழுத்த ஒயரில் பெட்டி உறுமத் தொடங்கியது. கண்ணாடிக்கு உள்ளே அவள் முகம், ஏதோ கேட்க வாயெடுத்துப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டவள் முகம்போல இருந்தது.

அவளுக்கு எதையும் பார்த்தால் கேள்விதான். ஷூ கம்பெனியில் அவள் வேலையே பார்ப்பது. திரையில் ஒவ்வொரு தோலாக வரும். உண்ணி கடித்த இடம், முள் கீறிய இடம், நரம்பு ஓடிய இடம் என்று கழிக்க வேண்டியதை எல்லாம் அவள் கோடு போட்டுக் காட்ட வேண்டும். அந்தக் கோடுகளைத் தவிர்த்துவிட்டு மெஷின் ஷூவுக்கான துண்டுகளை வெட்டும். அதில் நரம்புதான் அவளைப் பிடித்துக்கொண்டது.

"இன்னாங்க, பாருங்களேன்," என்று ஒருநாள் கழிவுத்தோல் துண்டு ஒன்றை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். "பெரிய நரம்பு இப்டி ரெண்டா பிரியுது. சின்னதும் அதே மாதிரி ரெண்டா பிரியுது. அதுக்கும் சின்னது, அதுவும். யார் சொல்லிக் குடுத்தது இதுக்கு?"

"ஆண்டவரு," என்றான் தானியேல், சோற்றைப் பிசைந்துகொண்டே.

"அது தெரியும். எப்டி சொல்லிக் குடுத்தாருன்னு கேக்கறேன்."

அங்கேதான் ஆரம்பித்தது. கம்பெனியில் ஓரங்கட்டிய கம்ப்யூட்டர் ஒன்று வீட்டுக்கு வந்தது. வேலை முடிந்து வந்து, வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, அவளே ஒரு புரோகிராம் எழுதினாள். பெரிதாக ஒன்றுமில்லை. இடப்பக்கம் மூன்று கட்டங்கள்: எத்தனை தடவை, எவ்வளவு ஆழம், என்ன கலர். அதன் கீழே ஒரு பட்டன். எல்லோரும் அதில் 'வரை' என்று எழுதுவார்கள். அவள் 'பார்க்கலாம்' என்று எழுதியிருந்தாள். படத்தில் பிடித்த இடத்தில் அம்பை வைத்து அமுக்கினால், அந்தப் புள்ளிக்கு உள்ளே போய் அதைப் பெரிதாக வரையும். அதிலும் ஓர் இடத்தை அமுக்கினால் அதற்கும் உள்ளே.

"ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நம்பர்," என்று அவனுக்கு விளக்கினாள். "அத்த அதாலயே பெருக்கி, மொத நம்பரக் கூட்டணும். வர்ற விடையத் திரும்ப அதே மாதிரி. திரும்பத் திரும்ப. சில புள்ளி நாலஞ்சு தடவையிலயே எங்கியோ ஓடிப்போய்டும். அதுக்கு கலர். சிலது எத்தன தடவ போட்டாலும் போவாது. இங்கயே சுத்திக்கினு இருக்கும். அதுக்கு கருப்பு."

"அவ்ளோதானா? அதுக்கா இவ்ளோ நேரம்?"

"ஓரத்துல இருக்குதே, அதுங்கதான் பேஜாரு. போவுமா இருக்குமான்னு சீக்கிரத்துல சொல்லாது."

நேற்று இரவு முழுக்க ஆஸ்பத்திரிக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றபோது, நர்ஸம்மா ஒவ்வொரு முறையும் "இப்ப ஒன்னும் சொல்ல முடியாதுங்க" என்றபோது, அவனுக்கு இந்தப் பேச்சு ஞாபகம் வந்தது. ஏன் வந்தது என்று தன்மேலேயே கோபம் வந்தது.

நேற்றுக் காலை அவன் பூட்டும் சாவியுமாக வாசலில் நின்றிருந்தான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவள் மட்டும் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கவில்லை.

"ஒரே ஒரு நிமிஷம் வாங்க. ரொம்ப உள்ள போய்ட்டேன். இதுக்கு மேல எனக்கு எங்க போறதுன்னு தெரியல. நீங்க ஒரு எடம் அமுக்குங்க."

"எனக்கு இன்னாடி தெரியும்?"

"தெரியாம அமுக்கறதுதான் நல்லது. தெரிஞ்சவ அமுக்கனா தெரிஞ்ச எடத்துக்கே போவும்."

அவன் செருப்போடு வந்து, திரையைச் சரியாகப் பார்க்காமலேயே எங்கோ அமுக்கினான். கலர் கேட்டதற்கு, ஷாப்பில் கண்ணில் தினம் பட்டுக்கொண்டிருந்த ஈரத்தோல் நீலத்தை, வெட் ப்ளூவைச் சொன்னான். அவள் சிரித்துக்கொண்டே 'பார்க்கலாம்' பட்டனைத் தட்டினாள். முதல் வரி ஊர்ந்து வந்தது.

"நாளைக்கு ஆவும் முடிய. வந்து பாக்கலாம். இந்த எடத்த இது வரைக்கும் உலகத்துல ஒருத்தரும் பாத்திருக்க மாட்டாங்க. நாமதான் மொதல்ல."

பூட்டும்போது, "அத நிறுத்திட்டு வரக் கூடாதா?" என்று கேட்டான். "நிறுத்தனா போச்சு," என்றாள்.

அந்தப் 'போச்சு' எவ்வளவு என்பது இன்று காலை, மகளோடு போனில் பேசும்போதுதான் தெரிந்தது. பாரதி கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள். ரயிலில் வந்துகொண்டிருந்தாள். எந்த ஸ்டேஷன் தாண்டியாயிற்று என்று விசாரித்தான். பிறகு அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"கண்ணு, அம்மாவோட படம் ஒன்னு ஓடுதும்மா. நடுவுல நின்னா மறுபடி போட்டுக்க முடியுமா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "முடியாதுப்பா. முழுசா முடிஞ்சாதான் சேவ் ஆவும். நான் எத்தனியோ வாட்டி சொன்னேன், மொதல்ல சேவ் பட்டன ஒழுங்காப் போடும்மான்னு. அது எப்ப வேணா போட்டுக்கலாம், உள்ள இன்னா இருக்குதுன்னு மொதல்ல பாப்போம்னு சொல்லிட்டாங்க."

"மேல ஏதோ நம்பரு தெரியுதே. அத போட்டோ எடுத்துக்கட்டா?"

"அது மொத கொஞ்சம்தான்ப்பா. மீதி நீளமா உள்ள இருக்குது, வெளிய காட்டாது. ஆஃப் ஆச்சுன்னா அந்த எடத்துக்குத் திரும்பப் போகவே முடியாது." சற்றுப் பொறுத்து, "எந்த எடம்ப்பா?" என்றாள்.

"நான் அமுக்கனது."

அவள் அழத் தொடங்கினாள்.

ஐஸ் பெட்டிக்காரர் புறப்படும்போது வாசலில் நின்று தலையைச் சொறிந்தார். "அண்ணே, இன்னிக்கு இந்த லைன்ல ஷட் டவுனு. கொஞ்ச நேரத்துல கரண்டு போய்டும், மத்தியானத்துக்கு மேலதான் வரும்."

"பொட்டி?"

"மூடியத் தொறக்காம இருந்தா குளிர் நிக்கும். பொண்ணு வர்ற வரைக்கும் தாங்கும். ஆனா ஆளாளுக்குத் தொறந்து தொறந்து மூஞ்சியத் தொடக் கூடாது. சொல்லிடுங்க."

தானியேல் உள்ளே வந்து எல்லோரிடமும் சொன்னான். பெட்டிமேல் வைத்திருந்த தன் கையையும் எடுத்துக்கொண்டான்.

சபைப் பெண்கள் பாடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. மின்விசிறி மெதுவாகச் சுற்றி நின்றது. பெட்டியின் உறுமல் அடங்கியது. அடுத்த கணம், மேசைக்கு அடியிலிருந்த யூபிஎஸ் 'கீ' என்று கத்தியது. கொஞ்சம் விட்டு மறுபடியும் கத்தியது. பாட்டு தடுமாறியது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஐயோ, அத்தத் தூக்கி வெளிய போடுங்களேன்," என்றாள் அமிர்தவள்ளி. "எறந்தவங்களுக்கு மரியாத வேணாமா?"

தானியேல் மேசையருகே நின்றான். அந்த யூபிஎஸ் கொஞ்ச நேரம்தான் தாங்கும். படம் பாதியைத் தொட்டிருந்தது. நீலத்தின் நடுவே, தோல் நரம்பைப்போல, பழுப்புக் கிளை ஒன்று இடப்பக்கத்திலிருந்து உள்ளே வந்திருந்தது. எங்கே போகிறது அது? மனைவி கிடக்கும்போது இதை நினைக்கலாமா என்று ஒரு மனம் கேட்டது. அவள் இருந்தால் இதைத்தான் நினைப்பாள் என்றது இன்னொன்று. யாரிடமாவது உதவி கேட்க வேண்டும். இதை எப்படிக் கேட்பது? படம் நின்றுவிடும் என்றா?

"இன்னா தானியேலு, என்னமோ கத்துது?"

மஹ்பூபி வாசலில் நின்றிருந்தாள். எதிர்வீடு. சந்துக்கு அந்தப் பக்கம் அவர்கள் சன்னல், இந்தப் பக்கம் இவர்கள் சன்னல். காலையிலிருந்து வந்து வந்து போய்க்கொண்டிருந்தாள். தண்ணீர்க்குடம், டீ, தம்ளர் எல்லாம் அவள் வீட்டுடையவை.

"கம்ப்யூட்டரு மஹ்பூபிம்மா. ஹெலன் நேத்து போட்டுட்டுப் போனது. கரண்டு இல்லன்னா நின்னுடும். அவ... வந்து பாக்கறேன்னு சொன்னா."

மஹ்பூபி திரையைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள்.

கேள்வி கேட்காமல் உதவுகிறவர்களை ஆண்டவர் ஒவ்வொரு சந்திலும் ஒரு வீட்டிலாவது குடிவைத்திருப்பார் என்று ஹெலன் சொல்வதுண்டு. எல்லாவற்றையும் கேள்வி கேட்கிறவள் சொன்னது என்பதால் தானியேலுக்கு அது நினைவில் நின்றுவிட்டது.

எதிர்ச் சன்னலில் மஹ்பூபியின் கணவர் வக்கார் அகமதுவின் வெள்ளைத்தாடி தெரிந்தது. ஒரு ஒயரின் முனை சந்தைத் தாண்டி இந்தச் சன்னல் கம்பியில் வந்து இடித்தது. அவர் அதைக் கொடிக்கயிற்றில் இரண்டு சுற்றுச் சுற்றித் தொங்கவிட்டிருந்தார்.

"புடி தானியேலு!" என்றார். "எங்க இன்வெர்ட்டரு சின்னது. பொட்டிக்கு பத்தாது, மாஃப் பண்ணு. கம்ப்யூட்டரு ஓடும்."

"உங்களுக்கு பாய்?"

உள்ளேயிருந்து மஹ்பூபியின் குரல் வந்தது. "ஃப்ரிட்ஜு, ஃபேனு எல்லாம் ஆஃப் பண்ணியாச்சு. நீ சொருகு மொதல்ல. அது கத்தறத என்னால கேக்க முடியல."

அவன் சொருகினான். கத்தல் நின்றது. திரையில் அடுத்த வரி வந்தது. நேற்றைவிட இப்போது வரிகள் வேகமாக வருவதுபோல இருந்தது. சித்திரை வெயில் ஓட்டின்மேல் இறங்கிக்கொண்டிருந்தது. எதிர்ச் சன்னலில் வக்கார் பாய் ஒரு விசிறியால் தனக்கும் மஹ்பூபிக்குமாக வீசிக்கொண்டிருந்தார். "ஜாஸ்தி வீசாதீங்க, தாடி பறந்துடப் போவுது," என்று அவள் சொல்வது கேட்டது.

பாரதி உச்சிவெயிலில் வந்து சேர்ந்தாள். ஜோலார்பேட்டையில் இறங்கி பஸ் பிடித்து, தெருமுனையிலிருந்து ஓடி வந்தாள். அவளுக்காக மூடியைத் திறந்தார்கள். அம்மாவின் கன்னத்தில் தன் கன்னத்தை வைத்து வெகுநேரம் இருந்தாள். தானியேல் அப்போதுதான் ஹெலனின் நெற்றியைத் தொட்டான். குளிர் அப்படியே நின்றிருந்தது.

பிறகு பாரதி எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரை முன்னால் போய் நின்றாள். முதுகை மட்டும் பார்த்தால் ஹெலன்தான். அதே மாதிரி இடுப்பில் ஒரு கை.

"நல்ல எடமா அமுக்கிருக்கீங்கப்பா," என்றாள்.

பாஸ்டர் வந்து ஜெபித்தார். கண்ணுக்குத் தெரிவதையும் தெரியாததையும் படைத்தவரே என்று தொடங்கினார். கண் மூடியிருந்தவர்களுக்கு நடுவே தானியேல் ஒரு தடவை கண்ணைத் திறந்து மூலையைப் பார்த்தான். ஆமென் சொன்ன பாஸ்டரும் அதே மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்சம்தான் பாக்கி போல," என்றார் மெதுவாக.

சவப்பெட்டியைத் தூக்கி வெளியே வந்தபோதுதான் ஒயர் குறுக்கே தொங்குவது எல்லோர் கண்ணிலும் பட்டது. கொடிக்கயிறு வெயிலில் தளர்ந்து, ஒயரோடு சேர்ந்து ஆள் மார்பளவுக்கு இறங்கியிருந்தது. அந்தச் சந்தில் தோளில் தூக்கினால்தான் பெட்டி போகும்.

முன்னால் தூக்கியவர்களில் ஒருவர் நின்றார். "யாராவது அத்தக் கழட்டுங்கப்பா."

தானியேலின் தோளில் பெட்டியின் ஒரு முனை இருந்தது. அவன் வாயைத் திறந்தான். அதற்குள் பின்னாலிருந்து அமிர்தவள்ளி, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கூட்டத்தை விலக்கி வந்தாள். சுவரில் சாய்த்திருந்த கொடிக்கம்பை எடுத்தாள். கவட்டையில் ஒயரையும் கயிற்றையும் சேர்த்து ஏந்தி, குதிகாலை எக்கி, இரண்டு கைகளாலும் உயர்த்திப் பிடித்தாள்.

"போங்க," என்றாள். "தல மட்டும் குனிஞ்சுக்கங்க. பாத்து."

தங்கை அதன் கீழே போனாள். பெட்டி முழுவதும் தாண்டிப்போகும்வரை அமிர்தவள்ளி கம்பை இறக்கவில்லை. அவளுக்கு எதிரே, சன்னலில், மஹ்பூபி தன் பக்கத்து முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் மண் இறுகிக்கிடந்தது. ஒவ்வொருவராக ஒரு பிடி அள்ளிப் போட்டார்கள். தானியேல் போட்ட பிடியில் சிறு வேர் ஒன்று வந்தது. இரண்டாகப் பிரிந்து, அதுவும் இரண்டாகப் பிரிந்து, நுனியில் மயிரளவாகப் போயிருந்தது. அவன் அதைப் போடாமல் கொஞ்சநேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, பிறகு போட்டான்.

திரும்பி வந்து, வாசலில் கால் கழுவி உள்ளே நுழைந்தபோது மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஐஸ் பெட்டியை எடுத்துப் போயிருந்தார்கள். தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். அந்த அறை இவ்வளவு பெரிதா என்று இருந்தது. ஒயர் மட்டும் சன்னல் வழியே அப்படியே இருந்தது.

"கரண்டு அப்பவே வந்துடுச்சு," என்றார் வக்கார் பாய், எதிர்ச் சன்னலிலிருந்து. "புடுங்கி மாத்தறப்ப ஏதாவது ஆயிடுச்சின்னா? அதான் உட்டுட்டேன்."

பாரதியும் தானியேலும் திரை முன்னால் உட்கார்ந்தார்கள். அடியில் ஒரு விரல் அகலத்துக்குச் சாம்பல் மிச்சம் இருந்தது. அமிர்தவள்ளி சுவரோரமாகச் சாய்ந்திருந்தாள். அவளும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வரி வந்து முடிந்தது. மங்கிக் கிடந்த 'சேமி' பட்டன் தெளிந்தது.

பாரதி அதை அமுக்கினாள். "பேர் கேக்குதுப்பா."

"நீயே வையி."

அவள் யோசித்துவிட்டு 'அப்பா அமுக்கினது' என்று தட்டினாள்.

முழுப்படமும் நீலம். நாலா பக்கமிருந்தும் பழுப்பு நரம்புகள் பிரிந்து பிரிந்து உள்ளே வந்திருந்தன. வரவர மெலிந்து, கண்ணுக்கு எட்டாத இழைகளாகி, எல்லாம் ஒரே இடத்தை நோக்கிச் சுழன்றிருந்தன. அந்த இடத்தில், நடுவில் கடுகளவு கருப்பு.

தானியேல் அந்தக் கருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பாரதி அவன் கைமேல் கையை வைத்தாள்.

"கதவத் தொறங்க, கை காலி இல்ல!"

மஹ்பூபி ஒரு தட்டில் சுடச்சுட ரொட்டியும் கிண்ணத்தில் பருப்புமாக வந்தாள். சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். தட்டை வைத்துவிட்டுத் திரையைக் குனிந்து பார்த்தாள்.

"இதுக்கா பகல் பூரா என் ஃப்ரிட்ஜு தூங்கிச்சு?"

"இதுக்குத்தான்."

"நல்லாத்தான் கீது. நடுவுல இன்னா, பூச்சி உக்காந்துருக்குதா?"

பாரதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு முதல் தடவையாக. அமிர்தவள்ளிகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"மஹ்பூபிம்மா," என்றான் தானியேல். "நீங்க ஒரு எடம் காட்டுங்க."

"எதுக்கு? எனக்கு இன்னா தெரியும் இதப் பத்தி?"

"தெரியாதவங்கதான் காட்டணும்."

அவள் பாரதியைப் பார்த்தாள். பாரதி தலையசைத்தாள். மஹ்பூபி கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, வெட்கப்பட்டவள்போல ஒரு விரலை நீட்டி, அந்தக் கருப்புக்குச் சற்றே பக்கத்தில், ஓரமாக, கண்ணாடியைத் தொட்டாள். விரலை எடுத்தபோது அங்கே மாவு ஒட்டியிருந்தது.

"அய்ய, அழுக்காயிடுச்சு."

பாரதி துடைக்கப் போனாள். தானியேல் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அம்பை மெதுவாக நகர்த்தி, அந்த மாவுத்தடத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தி, அமுக்கினான். பிறகு 'பார்க்கலாம்' பட்டனைத் தட்டினான்.

திரை சாம்பலாயிற்று. விரல் ரேகைகள் வெள்ளையாக, ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழித்து, கண்ணாடியின்மேல் தனியே நின்றன. அவற்றுக்கு வெகு மேலே, நீலமாக, முதல் வரி ஊர்ந்து வந்தது.